பழைய ஆட்டோமேட்டிக் கார்: மீட்டர் விளக்கு மங்கல், டி நிலையில் ஆர் விளக்கும் சேர்ந்து எரிகிறது

கேள்வி: நிழற்சாலை

வணக்கம். என்னிடம் இருப்பது 1990-களின் நடுப்பகுதியில் தயாரான, நான்கு வேக ஆட்டோமேட்டிக் கியர்ப்பெட்டி கொண்ட பெட்ரோல் கார். கியர் எந்த நிலையில் இருக்கிறது என்பதை மீட்டர் பலகையின் அடிப்பகுதியில் வரிசையாக உள்ள பி (பார்க்கிங்), ஆர் (ரிவர்ஸ்), என் (நியூட்ரல்), டி (டிரைவ்), 2, எல் (லோ) ஆகிய சிறு விளக்குகள் காட்டும். அண்மைக் காலமாக இந்தப் பலகையில் இரண்டு விதமான கோளாறுகள் தோன்றியுள்ளன. அவை ஒன்றோடொன்று தொடர்புடையவையா, தனித்தனியானவையா என்பது விளங்கவில்லை.

முதலாவது, இரவில் முகப்பு விளக்கைப் போட்டால் மீட்டரின் பின்னொளி மிகவும் மங்கலாக எரிகிறது. பின்னொளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரை முழுவதும் ஏற்றி வைத்தாலும் மாற்றமில்லை. சாலைப் பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறும்போது ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மறுபடியும் மங்கிவிடுகிறது. பின்பக்கச் சிவப்பு விளக்குகள், நம்பர் பிளேட் விளக்கு, ஏசி பட்டன்களின் விளக்கு ஆகிய அனைத்தும் வழக்கம்போல் எரிகின்றன.

இரண்டாவது கோளாறுதான் எனக்கு அச்சம் தருகிறது. லீவரை டி-யில் போட்டால் டி விளக்கோடு ஆர் விளக்கும் சேர்ந்து, இரண்டுமே அரைகுறையாக எரிகின்றன. வண்டி முறையாக முன்னோக்கித்தான் செல்கிறது, பின்னால் ரிவர்ஸ் லைட்டும் எரிவதில்லை. நியூட்ரல் (என்) நிலையில் பெரும்பாலும் எந்த விளக்கும் எரிவதில்லை. ஃபியூஸ்கள் அனைத்தையும் கழற்றிப் பார்த்துவிட்டேன், ஒன்றும் போகவில்லை. பேட்டரி புதியது. ஒரு மெக்கானிக் மீட்டரை முழுதாக மாற்ற வேண்டும் என்கிறார், இன்னொருவர் கியர்ப்பெட்டியை இறக்கிப் பார்க்க வேண்டும் என்கிறார். இந்த இரண்டில் எதற்கும் சம்மதிக்கும் முன் நானே எதையெல்லாம் சோதித்துப் பார்க்கலாம் என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

பதில்: பன்னிரண்டு வோல்ட்

வணக்கம் நண்பரே. கியர்ப்பெட்டியை இறக்க வேண்டாம், மீட்டரையும் இப்போதைக்கு வாங்க வேண்டாம். நீங்கள் சொன்ன அறிகுறிகளிலேயே பாதி விடை இருக்கிறது.

மீட்டர் பலகையில் உள்ள விளக்குகள் எல்லாம் ஒரே இனம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். மின்னோட்டத்தின் வழியைப் பார்த்தால் அவை இரண்டு கட்சிகளாகப் பிரிந்து நிற்கின்றன. ஆயில் பிரஷர் விளக்கு, சார்ஜ் விளக்கு, ஹேண்ட் பிரேக் விளக்கு ஆகியவற்றுக்குச் சாவி போட்டவுடன் மீட்டருக்குள்ளேயே கரண்ட் வந்து நிற்கும். அவற்றுக்கான எர்த், அதாவது கரண்ட் வண்டியின் உலோக உடல் வழியே பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பும் பாதை, மீட்டருக்கு வெளியே, எஞ்சினில் உள்ள ஆயில் சுவிட்ச் வழியாகவோ ஆல்டர்னேட்டர் வழியாகவோ ஹேண்ட் பிரேக் சுவிட்ச் வழியாகவோ கிடைக்கும். மறுகட்சியில் பின்னொளி பல்புகள், இண்டிகேட்டர் அம்புக்குறிகள், கியர் விளக்குகள் ஆகியவை இருக்கின்றன. இவற்றுக்குக் கரண்ட் வெளியிலிருந்து வருகிறது, எர்த் மட்டும் மீட்டரின் பின்புறத்தில் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே இடத்தில் கிடைக்கிறது. அந்த ஒரு எர்த் பலவீனமானால் இரண்டாம் கட்சி முழுவதும் தடுமாறும், முதல் கட்சிக்கு ஒன்றும் ஆகாது.

டி-யோடு ஆர் சேர்ந்து எரிவதன் காரணமும் இதுதான் என்பது என் கணிப்பு. டி பல்பின் வழியாக வந்த கரண்ட், எர்த் கிடைக்காதபோது வேறு வழி தேடும். ஆர் பல்பின் மறுமுனை பின்பக்க ரிவர்ஸ் லைட்டோடு இணைந்திருக்கிறது, அந்த ரிவர்ஸ் லைட்டுக்கு வண்டியின் பின்புறத்தில் தனியாக நல்ல எர்த் இருக்கிறது. எனவே கரண்ட் ஆர் பல்புக்குள் தலைகீழாக நுழைந்து, ரிவர்ஸ் லைட் வழியே உடலுக்குள் இறங்கிவிடுகிறது. ஏறத்தாழ 1.2 வாட் அளவுள்ள இரண்டு சிறு பல்புகள் வரிசைத் தொடராகிவிடுவதால் இரண்டுமே அரை வெளிச்சத்தில் எரிகின்றன. 21 வாட் ரிவர்ஸ் பல்புக்கு அந்தச் சொற்ப கரண்ட் எம்மாத்திரம், அது கண் விழிக்கவே செய்யாது. ஒவ்வொரு விளக்குக்கும் கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு வைத்த மீட்டர்களில் இது நடக்காது, ஆனால் அக்காலத்துச் சாதாரண மீட்டர்களில் தாராளமாக நடக்கும்.

கழற்றும் முன் நான்கு விஷயங்களைப் பார்த்துச் சொல்லுங்கள். எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் போட்டால் ஆயில், சார்ஜ் விளக்குகள் பளிச்சென்று எரிகின்றனவா? இருட்டில் முகப்பு விளக்கைப் போட்டிருக்கும்போது இடது, வலது அம்புக்குறிகள் இரண்டும் லேசாக மினுங்குகின்றனவா? இண்டிகேட்டர் போட்டால் பின்னொளி அதே தாளத்தில் துடிக்கிறதா? விளக்கைப் போடும்போதும் அணைக்கும்போதும் பெட்ரோல் முள்ளோ வெப்ப முள்ளோ இடம் நகர்கிறதா?

ஒரு சொல் எச்சரிக்கை. டிம்மர் எல்லாக் கார்களிலும் ஒரே பக்கத்தில் இருப்பதில்லை. சிலவற்றில் அது கரண்ட் வரும் பக்கத்திலும், வேறு சிலவற்றில் எர்த் பக்கத்திலும் அமைந்திருக்கும். எர்த் பக்கத்தில் இருந்தால் பின்னொளியைப் பற்றிய என் கணக்கு மாறிவிடும், ஆகவே உங்கள் மாடலுக்கான வயரிங் வரைபடத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஏசி பட்டன் விளக்குகளும் அதே டிம்மரின் கட்டுப்பாட்டில் இருந்து, அவை நன்றாக எரிகின்றன என்றால் டிம்மரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

பதில்: கியர்ப்பெட்டி

மேலே நண்பர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் நியூட்ரல் (என்) நிலையில் விளக்கு எரியாததை எர்த்தின் கணக்கில் சேர்க்க முடியுமா என்பது எனக்கு ஐயமாக இருக்கிறது, அது தனிக் கோளாறாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கியர் விளக்குகளுக்குக் கரண்ட் கொடுப்பது கியர்ப்பெட்டியின் பக்கவாட்டில் உள்ள இன்ஹிபிட்டர் சுவிட்ச். லீவர் எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலைக்கான வயருக்கு அது கரண்டை அனுப்பும். அதோடு, பி-யிலும் என்-இலும் மட்டும் ஸ்டார்ட்டர் சுற்ற அனுமதிப்பதும், ஆர்-இல் ரிவர்ஸ் லைட்டை எரியவைப்பதும் அதன் வேலைதான்.

ஆகவே ஒரு சிறு சோதனை. வண்டி சமதளத்தில் நிற்கட்டும், சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள், ஹேண்ட் பிரேக்கை இழுத்து, காலால் பிரேக்கையும் அழுத்திக்கொள்ளுங்கள். லீவரை என்-இல் வைத்துச் சாவியைத் திருப்பினால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறதா? ஆகாவிட்டால், லீவரை என்-இன் பள்ளத்திலேயே வைத்துக்கொண்டு மெதுவாக முன்னும் பின்னும் நெருடிப் பாருங்கள். ஏதோ ஓர் இடத்தில் என் விளக்கும் எரிந்து ஸ்டார்ட்டரும் சுற்றினால் சுவிட்ச் உள்ளே கெட்டுப்போகவில்லை, அதன் இருக்கைதான் விலகியிருக்கிறது. விளக்குக்கும் ஸ்டார்ட்டருக்கும் பெரும்பாலான சுவிட்ச்களில் தனித்தனித் தகடுகள் இருக்கும், இரண்டும் ஒரே நேரத்தில் தேய்ந்து, ஒரே நெருடலில் பிழைத்துக்கொள்வது அரிது.

டி விளக்கோ ஓவர்டிரைவ் (மிக உயர்ந்த கியர்) விளக்கோ சீராக விட்டு விட்டு மின்னினால் அதை இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். கியர்ப்பெட்டியைக் கட்டுப்படுத்தும் கணினி தன்னிடம் பதிவான பிழையை அப்படித்தான் பல கார்களில் அறிவிக்கிறது. அப்போது பிழைக் குறியீட்டைப் படித்துப் பார்ப்பதே வழி, பல்பையோ எர்த்தையோ தேடிப் பயனில்லை.

பதில்: சிறுவிளக்கு

மீட்டரைக் கழற்றத்தான் போகிறீர்கள் என்றால், பழைய பல்புகளை எல்லாம் எடுத்துவிட்டு எல்இடி போட்டுவிடுவது நல்லது என்று தோன்றுகிறது. வெளிச்சம் கூடும், சூடு குறையும், மறுபடி கழற்ற வேண்டிய தேவையும் வராது.

பதில்: பன்னிரண்டு வோல்ட்

பின்னொளிக்கு எல்இடி போடுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கோளாறு தீரும் வரை எதையும் மாற்றாமல் இருப்பது நல்லது, ஏனென்றால் எல்இடி-க்கு கரண்ட் ஒரு திசையில்தான் பாயும், தலைகீழாகச் செருகினால் எரியாது, அப்போது எது பழைய கோளாறு, எது புதிதாகச் சேர்ந்தது என்று பிரித்தறிய முடியாமல் போகும். பழைய டிம்மர்கள் பல, எல்இடி-யின் வெளிச்சத்தைச் சீராகக் குறைப்பதுமில்லை.

சார்ஜ் விளக்கின் பல்பை மட்டும் எக்காரணம் கொண்டும் அப்படியே மாற்றிவிடாதீர்கள். பழைய ஆல்டர்னேட்டர்கள் பலவற்றில், அது மின்சாரம் உற்பத்தி செய்யத் தொடங்குவதற்கான தூண்டல் கரண்ட் அந்தப் பல்பின் வழியாகத்தான் செல்கிறது. எல்இடி விடுகிற சொற்ப கரண்ட் அதற்குப் போதாது, கூடவே ஒரு மின்தடையையும் இணைத்தால்தான் ஈடாகும். இதே காரணத்தால், மீட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எஞ்சினை ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம். வாட் அதிகமான பல்பு போட்டு மங்கலைச் சரிசெய்ய நினைப்பவர்களும் உண்டு, அந்தச் சூட்டில் ஹோல்டரும் அதன் கீழுள்ள பிளாஸ்டிக் படலமும் உருகிவிடும்.

கேள்வி கேட்டவரின் தொடர்ச்சி: நிழற்சாலை

அனைவருக்கும் நன்றி. சொன்னபடி சோதித்தேன்.

சாவியைப் போட்டால் ஆயில், சார்ஜ், ஹேண்ட் பிரேக் விளக்குகள் மூன்றும் எந்தக் குறையுமின்றிப் பளிச்சென்று எரிகின்றன. இருட்டில் கூர்ந்து பார்த்தபோதுதான் அம்புக்குறிகள் இரண்டும் சிறு பொறி அளவுக்கு மினுங்குவது தெரிந்தது, இதுவரை நான் அதைக் கவனித்ததில்லை. வலப்பக்க இண்டிகேட்டரைப் போட்டால் பின்னொளியும் அதனுடன் சேர்ந்து துடிக்கிறது. முகப்பு விளக்கைப் போட்டவுடன் பெட்ரோல் முள் ஒரு கோட்டளவு நகர்கிறது, அணைத்தால் திரும்பிவிடுகிறது. வயரிங் வரைபடத்தில் டிம்மர் கரண்ட் வரும் பக்கத்திலேயே காட்டப்பட்டிருக்கிறது.

நியூட்ரல் (என்) நிலையில் ஸ்டார்ட்டர் சுற்றவில்லை. லீவரை ஆர் பக்கமாகச் சற்றே நெருக்கிப் பிடித்தால் விளக்கும் எரிகிறது, ஸ்டார்ட்டரும் சுற்றுகிறது. பி-யில் எந்தச் சிக்கலும் இல்லை. மீட்டரைக் கழற்றிய பின் எங்கே, எதை அளக்க வேண்டும் என்று சொன்னால் இந்த வாரக் கடைசியில் முடித்துவிடுவேன்.

பதில்: பன்னிரண்டு வோல்ட்

நான்கு சோதனைகளும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. மீட்டரின் பொது எர்த்தைத் தவிர வேறெதையும் இப்போது தேட வேண்டாம்.

கழற்றும் முன் பேட்டரியின் மைனஸ் முனையை எடுத்துவிடுங்கள். ஏர்பேக் உள்ள வண்டியானால் சில நிமிடங்கள் காத்திருந்து, அதன் மஞ்சள் நிற கனெக்டர்களைத் தொடாமல் வேலை செய்யுங்கள், ரேடியோவுக்குக் குறியீட்டு எண் கேட்கும் வகை என்றால் அதை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மீட்டரைப் பிடித்து இழுக்காதீர்கள். பின்னால் ஸ்பீடோமீட்டர் கேபிள் இருந்தால் அதன் கொக்கியை அழுத்தி விடுவித்த பிறகே அது முன்னால் வரும்.

வெளியே வந்ததும் பின்புறத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தையும் அதன் மேல் ஓடும் செப்புத் தடங்களையும் பார்ப்பீர்கள். கனெக்டர் செருகும் இடத்தில்தான் கோளாறு அதிகம் ஒளிந்திருக்கும். தடம் தூக்கிக்கொண்டிருக்கலாம், களிம்பு ஏறியிருக்கலாம், கருகியும் இருக்கலாம். பார்வைக்குத் தெரியாவிட்டால் கனெக்டர்களை மறுபடி செருகி, பேட்டரியை இணைத்து, எஞ்சினை இயக்காமல் சாவியையும் முகப்பு விளக்கையும் போடுங்கள். மல்டிமீட்டரின் கறுப்பு முனையை நீளமான வயரால் பேட்டரி மைனஸோடு சேர்த்துவிட்டு, சிவப்பு முனையால் முதலில் கனெக்டரின் எர்த் வயரையும், பிறகு படலத்தில் அதற்கு நேரான செப்புத் தடத்தையும் தொட்டு அளங்கள். இரண்டு இடங்களிலும் 0.1 முதல் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. வயரிலேயே அதிகமாக இருந்தால் அது உடலில் திருகப்பட்டிருக்கும் இடத்தைத் தேடிச் சுத்தம் செய்ய வேண்டும். வயரில் குறைவாகவும் தடத்தில் அதிகமாகவும் இருந்தால் கோளாறு அந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில்தான்.

இதை விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும் என்பது முக்கியம். ஒரே ஓர் இழையில் தொங்கிக்கொண்டிருக்கும் வயரும் சுமை இல்லாதபோது மல்டிமீட்டரில் நல்ல வயராகவே தோன்றும்.

பதில்: கியர்ப்பெட்டி

நியூட்ரல் (என்) நிலையின் கோளாறுக்கு வருகிறேன். சுவிட்சைத் தொடும் முன் லீவரிலிருந்து கியர்ப்பெட்டிக்குச் செல்லும் கேபிளின் இரண்டு முனைகளிலும் உள்ள பிளாஸ்டிக் புஷ்களை (முனையை ஆடாமல் பிடிக்கும் சிறு வளையங்களை) பாருங்கள். வயதான வண்டிகளில் அவை நொறுங்கி, முனை ஆட்டம் கொடுக்கும். அந்த ஆட்டத்தை வைத்துக்கொண்டே சுவிட்சைச் சரிசெய்தால் சிறிது காலத்தில் மறுபடியும் விலகிவிடும், ஆகவே புஷ் முதலில், சுவிட்ச் பிறகு.

சுவிட்சை அமைக்கும்போது எஞ்சின் அணைந்திருக்க வேண்டும். கியர்ப்பெட்டியில் உள்ள கைப்பிடித் தகடு உண்மையாகவே என்-இல் நிற்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு, சுவிட்சின் போல்ட்டுகளைத் தளர்த்தி, அதன் மேலுள்ள கோட்டையோ பள்ளத்தையோ குறியோடு நேர்ப்படுத்தி இறுக்க வேண்டும். சில சுவிட்ச்களில் கோட்டுக்குப் பதிலாக, ஒரு மெல்லிய கம்பியைத் துளையில் நுழைத்து நேர்ப்படுத்தும் ஏற்பாடு இருக்கும். முடித்தபின் பிரேக்கை அழுத்திக்கொண்டு ஒவ்வொரு நிலையிலும் சாவியைத் திருப்பிப் பாருங்கள். ஆர், டி, 2, எல் ஆகியவற்றில் ஸ்டார்ட்டர் சுற்றவே கூடாது. அப்படிச் சுற்றினால் வண்டியைச் சாலையில் எடுக்காதீர்கள், ஸ்டார்ட் ஆன கணத்திலேயே அது பாய்ந்துவிடும்.

கேள்வி கேட்டவரின் தொடர்ச்சி: நிழற்சாலை

வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது. எர்த் வயரில் 0.05 வோல்ட், அதற்கு நேரான செப்புத் தடத்தில் 5 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால் அந்த ஒரு தடம் மட்டும் படலத்திலிருந்து பிரிந்து, நுனி கறுத்து, நகக்கீறல் போல் வெடித்திருந்தது. ஈயப்பற்று வைத்தால் படலம் உருகிவிடுமோ என்ற தயக்கத்தால் அதைத் தொடவில்லை. அதே எர்த் தடம் பெட்ரோல் மீட்டரின் திருகு ஒன்றில் போய் முடிகிறது என்பதைத் தொடர்ச்சிச் சோதனையில் உறுதிப்படுத்திக்கொண்டு, அந்தத் திருகின் அடியில் வளைய முனை வைத்த ஒரு தனி வயரை இறுக்கி, அதன் மறுமுனையை டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள உலோகச் சட்டத்தில் போல்ட்டோடு சேர்த்தேன். பின்னொளி முழு வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. டி-யில் டி மட்டுமே எரிகிறது, பெட்ரோல் முள்ளும் அசைவதில்லை.

கேபிளின் கியர்ப்பெட்டிப் பக்கத்துப் புஷ் பாதி உடைந்து போயிருந்தது. புதியதைப் போட்டு, சுவிட்சையும் குறியோடு நேர்ப்படுத்தியபின் என் விளக்கு எரிகிறது, ஸ்டார்ட்டரும் பி, என் தவிர வேறெந்த நிலையிலும் சுற்றவில்லை. மீதமிருப்பது 2 என்ற விளக்கு மட்டுமே. முன்பு இதை நான் கவனிக்கவில்லை, ஆனால் இப்போது அது எரியவே இல்லை. அதன் பல்பை எடுத்து எல் ஹோல்டரோடு மாற்றிப் போட்டுப் பார்த்தேன், அங்கே எரிகிறது.

பதில்: பன்னிரண்டு வோல்ட்

அப்படியானால் பல்பைக் குறை சொல்ல முடியாது. ஹோல்டரைச் சற்றே திருப்பி வெளியே எடுத்து, அதன் இரண்டு செப்புக் கால்களையும் பென்சில் அழிப்பானால் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, கால்களை மிகச் சிறிதளவு வெளிப்பக்கம் வளைத்துப் பொருத்துங்கள். கால் படும் இடத்தில் உள்ள தடத்தையும் துடையுங்கள், ஆனால் உப்புத்தாளைக் கொண்டுபோகாதீர்கள், அந்தச் செப்புப் பூச்சு அவ்வளவு மெல்லியது. அதன் பிறகும் எரியாவிட்டால் லீவரை 2-இல் வைத்து ஹோல்டருக்கு 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் இன்ஹிபிட்டர் சுவிட்சின் கனெக்டரில் அந்த வயருக்கான முனையை அளந்துவிட்டு எழுதுங்கள், அங்கிருந்து தொடரலாம்.